தொலைந்துபோன விண்வெளி வீரருக்கு ஒரு கோல் கொண்டாட்டம்



2024 ஜூன் 14. மியூனிக் நகரில் ஐரோப்பியக் கால்பந்துக் கோப்பையின் தொடக்க ஆட்டம். ஸ்காட்லாந்துக்கு எதிராக ஃப்ளோரியன் விர்ட்ஸ் முதல் கோலை அடித்ததும், மைதானத்து ஒலிபெருக்கிகளில் ஒரு பழைய பாட்டு வெடித்துக் கிளம்பியது. கூட்டமும் சேர்ந்து பாடியது. அன்று ஜெர்மனி 5 கோல் போட்டது. தொண்டை கிழியப் பாடியவர்களில் பலர், அந்தப் பாட்டு வெளிவந்த காலத்தில் பிறந்திருக்கவே மாட்டார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், அது வெற்றிப் பாட்டே இல்லை. விண்வெளிக்குப் போய், பூமியோடு தொடர்பு அறுந்து, திரும்பியே வராத ஒருவரின் கதை அது.

பாட்டின் பெயர் ‘மேஜர் டாம்’. எழுதிப் பாடியவர் 1956இல் ஷ்டுட்கார்ட் நகரில் பிறந்த பீட்டர் ஷில்லிங். ஜெர்மன் மொழியில் 1982இல் வெளிவந்த இந்தப் பாட்டு மேற்கு ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து மூன்றிலும் விற்பனைப் பட்டியலின் முதலிடத்துக்குப் போனது. அடுத்த ஆண்டே ஆங்கில வடிவமும் வந்தது. கனடாவில் அதற்கு முதலிடம், அமெரிக்காவில் 14ஆம் இடம். சிந்தசைசர் ஒலிகளையே அடித்தளமாக வைத்துக் கட்டும் இந்தப் பாணிக்கு சிந்த்பாப் என்று பெயர். அன்றைய ஜெர்மன் இளைஞர்கள் தங்கள் மொழியிலேயே பாடிய புதிய அலையின் பாட்டுகள் பலவற்றிலும் அந்த ஒலி உண்டு.

டாம் என்ற பாத்திரம் ஷில்லிங்கின் சொந்தச் சரக்கல்ல. 1969 ஜூலையில், அப்போலோ 11 புறப்படுவதற்குச் சில நாள் முன்னால், டேவிட் போவி வெளியிட்ட ‘ஸ்பேஸ் ஆடிட்டி’ பாட்டில் பிறந்தவர் அவர். போவியே 1980இல் இன்னொரு பாட்டில் அவரைப் போதைக்கு அடிமையானவராகக் காட்டிவிட்டார். ஷில்லிங்கோ அந்தக் கதையைத் தொடவில்லை. டாமை மறுபடி ஏவுதளத்துக்கே கூட்டிவந்து, முதலிலிருந்து தொடங்கினார்.

இனி, நேயர்களே, கொஞ்சம் நிதானமாகப் போவோம். ருசியே இங்கேதான் இருக்கிறது.

பாட்டு தொடங்கும்போது குரல் தாழ்ந்து, ஏறக்குறையப் பேசுவதுபோல் ஒலிக்கிறது. ஏவுதளத்தில் எல்லாச் சோதனையும் முடிந்துவிட்டது. யாருக்கோ ஒரு சந்தேகம், ஆனால் எண்ணிக்கை இறங்கிக்கொண்டிருக்கிறது. அதுவரை இறுக்கிப் பிடித்திருந்த தாளமும் மெட்டும் பல்லவி வந்ததும் சட்டென்று விரிகின்றன. குரல் மேலே ஏறுகிறது, சொற்கள் நீள்கின்றன, கலம் எடையில்லாமல் மிதக்கிறது. கேட்பவருக்கும் உடம்பு லேசாகிறது.

பிறகுதான் விபரீதம். கட்டுப்பாட்டு அறையில் ஏதோ கோளாறு தெரிகிறது. மனைவிக்குத் தன் அன்பைச் சொல்லச் சொல்லிவிட்டு டாம் மௌனமாகிவிடுகிறார். சாதாரணப் பாடலாசிரியராக இருந்தால் இங்கே சோக ராகத்துக்குத் தாவியிருப்பார். ஷில்லிங் அதைச் செய்யவில்லை. அதே பல்லவி, அதே துள்ளலோடு திரும்பவும் வருகிறது! சாவுச் செய்தியைக் கல்யாண மேளத்தில் வாசித்ததுபோல. கீழே உலகம் அழுகிறது, மேலே அவர் மிதக்கிறார். பாட்டின் ஆயுள் ரகசியம் இதுதான் என்பது இந்த உரையாளரின் கட்சி. கதையைக் கவனிப்பவருக்கு ஒரு பாட்டு, மெட்டை மட்டும் கேட்பவருக்கு இன்னொரு பாட்டு.

இசை நிகழ்ச்சிகள் தயாரிக்கும் இந்த உரையாளர், கலையகத்துக்குப் புதிதாக வரும் இளைஞர்களுக்கு ஜெர்மன் வடிவத்தை ஒரு விவரமும் சொல்லாமல் போட்டுக் காட்டுவதுண்டு. கார் விளம்பரம் என்பார் ஒருவர், உடற்பயிற்சிக் கூடத்துப் பாட்டு என்பார் இன்னொருவர். ஆள் காணாமல் போனதை யாரும் ஊகிப்பதில்லை. கார் விளம்பரம் என்பது ஒன்றும் அபத்தமான ஊகமல்ல. 2009இல் லிங்கன் கார் விளம்பரத்துக்காக ஷைனி டாய் கன்ஸ் குழு இதே பாட்டைப் பாடியிருக்கிறது.

இரண்டு வடிவங்களும் முடிவில் பிரிகின்றன. ஆங்கிலத்தில் டாம் உயிரோடிருக்கிறார், இதுவே என் வீடு என்று நிம்மதி அடைகிறார். ஜெர்மன் மூலத்தில் அவ்வளவு ஆறுதல் இல்லை. ஓர் ஒளி தன்னை வழிநடத்துவதாகச் சொல்லும் மனிதர், கடைசியில் தனக்குக் குளிர்கிறது என்கிறார். குளிர்வது உடலா, உயிரா? ஷில்லிங் சொல்லவில்லை.

இடையில் ஒரு தற்செயல். ஆங்கில வடிவம் அமெரிக்காவில் ஏறிக்கொண்டிருந்த 1983 நவம்பர் 28 அன்று, கொலம்பியா விண்ணோடத்தில் ஒரு ஜெர்மானியர் நிஜமாகவே விண்வெளிக்குப் போனார். அவர் உல்ஃப் மெர்போல்ட், அமெரிக்க விண்ணோடத்தில் பறந்த முதல் அமெரிக்கர் அல்லாதவர். அவர் பத்திரமாகத் திரும்பி வந்தார்.

அதன் பிறகு பாட்டு எங்கெல்லாம் போனது என்பதை நேரம் கருதி வேகமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘பிரேக்கிங் பேட்’ தொடரில், கொலையான ஒரு பாத்திரம் உயிரோடிருந்தபோது இதை உற்சாகமாகப் பாடிய காணொளி காட்டப்படும். செத்தவர் பாடும் செத்தவர் பாட்டு. இதைத் தேர்ந்தெடுத்தது சும்மா இல்லை. ‘ஸ்டார் டிரெக்’ கேப்டனாக நடித்த வில்லியம் ஷாட்னர் 2011இல் இதைத் தன் பாணியில் பதிவு செய்தார். பத்தாண்டு கழித்து, 90 வயதில், அவரே விண்வெளி எல்லையைத் தொட்டுவந்தார். பனிப்போர் உளவாளியைப் பற்றிய ‘டாய்ச்லாண்ட் 83’ தொடரும் ஆங்கில வடிவத்தை முகப்புப் பாட்டாக எடுத்துக்கொண்டது.

கால்பந்துக்கு வந்த கதை சுவையானது. 2024 மார்ச்சில் ஜெர்மன் அணியின் புதிய சட்டைகளை அறிமுகப்படுத்திய விளம்பரப் படத்தில் இந்தப் பாட்டு ஒலித்தது. கோல் விழும்போது இதையே போடுங்கள் என்று ரசிகர்கள் கையெழுத்து இயக்கம் தொடங்கினார்கள், கால்பந்துச் சங்கமும் இணங்கியது. நாற்பதாண்டுப் பாட்டு மறுபடி விற்பனைப் பட்டியலில் ஏறியது. ஜூலை 5 அன்று கால் இறுதி நடந்தது ஷில்லிங் பிறந்த அதே ஷ்டுட்கார்ட்டில். 89ஆம் நிமிடத்தில் விர்ட்ஸ் சமன் செய்தார். ஆனால் கூடுதல் நேரத்தில் ஸ்பெயின் வென்றது, ஜெர்மனி வெளியேறியது.

நேரம் முடிகிறது, நேயர்களே. இந்தப் பாட்டைத் தேடிக் கேட்பதானால் ஜெர்மன் வடிவத்தை முதலில் கேளுங்கள், ஆங்கிலம் பிறகு இருக்கட்டும். மொழி புரியாவிட்டாலும் பாதகமில்லை. இரண்டில் மேலானது அதுதான்.