எம்பிரஸ் தோட்டமும் நமது கடமையும்



புனே நகரில் குடியேறிய தமிழர்களாகிய நாம் எம்பிரஸ் தோட்டத்தை அறியாதவரல்லர். குதிரைப் பந்தயத் திடலின் அருகே, 39 ஏக்கர் பரப்பில், வானளாவிய மரங்களும் அவற்றைப் பிணைத்த பெருங்கொடிகளும் தரும் நிழலில் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்காத குடும்பம் நம் காலனியில் உண்டோ? ஆயின் அதனைக் காப்பவர் யாவரெனில், பலரும் நகராட்சி என்கின்றனர். நகராட்சியன்று, 1830-ஆம் ஆண்டில் தோன்றிய மேற்கிந்திய வேளாண் தோட்டக்கலைச் சங்கமே அதனைப் பேணி வருகின்றது. நுழைவுக் கட்டணம், நாற்று விற்பனை, குடியரசு நாளையொட்டி நிகழும் மலர்க்காட்சி, அன்பர்தம் நன்கொடை ஆகியவற்றைக் கொண்டே அச்சங்கம் காலந்தள்ளுகின்றது.

பேணுவோர் சங்கத்தார், நிலத்துக்குரியோர் அரசினர். இடர்ப்பாடு இவ்விடத்தேதான். 2018-ஆம் ஆண்டின் இறுதியில், தோட்டத்தை ஒட்டி அரசுக் குடியிருப்புகள் எழுப்பும் திட்டம் வெளிவந்தது. நகர மாந்தர் திரண்டு எதிர்த்தனர். நாளெல்லாம் கோப்புகளைப் புரட்டும் எழுத்தர்களாகிய நமக்கு இது வியப்பளிக்கவில்லை. நிழலின் அருமை கோப்பில் ஏறுவதில்லை. நில உரிமையே ஏறுகின்றது.

இங்கிலாந்தில் 1895-ஆம் ஆண்டில் நேஷனல் டிரஸ்ட் என்னும் அறநிறுவனம் தோன்றியது. 1902-இல் ஏரிக்கரையொன்றில் நூறு ஏக்கருக்கு மேற்பட்ட காட்டைப் பொதுமக்கள் நன்கொடையால் அது விலைக்கு வாங்கியது. ஆலைத் தொழிலாளரும் தம்மாலியன்ற சிறுதொகை அனுப்பினர். 1907-ஆம் ஆண்டுச் சட்டம், அந்நிறுவனம் தன் நிலங்களை விற்கவொண்ணா உடைமைகளாக அறிவிக்க வழிசெய்தது. நிறுவனத்தாரே விரும்பினும் பின்னர் விற்க இயலாது!

இவ்வெண்ணம் நமக்குப் புதிதன்று. சஹ்யாத்திரி மலையூர்களின் தேவராயி வனங்களிலும், நம் நாட்டுக் கோயிற்காடுகளிலும் தெய்வத்தின் உடைமையென்று சுள்ளி பொறுக்கவும் அஞ்சினர். அவ்வச்சம் குன்றிவிட்ட இந்நாளில் முறையான பத்திரமும், தோட்டக்காரர் கூலிக்கும் வேலிக்கும் ஆண்டுதோறும் பணமும் வேண்டியுள்ளன.

ஆதலின் செயற்குழுவின் முன் ஒரு வேண்டுகோள். விழாச் செலவு போக எஞ்சும் தொகையில் ஒரு பகுதியை ஆண்டுதோறும் அத்தோட்டச் சங்கத்துக்கு அனுப்புவோம். ரசீதைப் பொருளாளர் கணக்கிற் காட்டட்டும். "மராட்டியர் தோட்டத்துக்குத் தமிழர் பணமா?" என்பாரும் உளர். அங்கு நம் மக்கள் ஊஞ்சலாடுங்கால் எவரும் தாய்மொழி வினவியதில்லை. அடுத்த மலர்க்காட்சிக்குக் காலனிக் குடும்பங்கள் யாவும் சீட்டு வாங்கிச் செல்வோம். பாஸ் உண்டா என்று மட்டும் நம்மைக் கேளாதீர். அஃது இரயிலுக்கு மட்டுந்தான்!