இரண்டு தமிழர்கள், இரண்டு பாதைகள்

(நமது சங்கத்தின் ஐரோலி கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

  

சென்ற வாரம் ஐரோலி ஸ்டேஷனில் நம் தோழர் ஒருவருடைய மகன் என்னை நிறுத்தினான். ரபாளே கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிற நல்ல பையன். தாராவியில் இருக்கும் அவன் பெரியம்மா வீட்டுச் சுவரில் கணக்கெடுப்புக்காரர்கள் எண் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். வீடு கிடைக்குமா, கிடைக்காதா என்று அந்த அம்மாளுக்கு உறக்கம் இல்லை. "மாமா, வரதாபாய் இருந்திருந்தா ஒருத்தன் வந்து நம்ம வீட்டுல கை வைப்பானா?" என்று கேட்டான். அதற்குள் ரயில் வந்துவிட்டது. அந்தப் பதிலை இன்று உங்கள் எல்லோர் முன்னிலும் சொல்கிறேன்.

தோழர்களே, அந்தப் பையனை நான் குறை சொல்லமாட்டேன். அவன் 1987-இல் வந்த 'நாயகன்' படத்தைப் பார்த்தவன். ஆனால் படம் வேறு, பம்பாய் வேறு.

வரதராஜ முதலியார் யார்? பிழைப்புத் தேடித் தமிழ்நாட்டிலிருந்து வந்து, விக்டோரியா டெர்மினஸ் ஸ்டேஷனில் மூட்டை தூக்கியவர். உங்களையும் என்னையும் போலக் கூலி. அவருடைய கூட்டாளி ஹாஜி மஸ்தானும் அப்படித்தான். இராமநாதபுரம் சீமை பனைக்குளத்தில் பிறந்து, சிறுவனாகத் தகப்பனோடு வந்து, பிறகு துறைமுகத்தில் சுமை தூக்கியவர். இவர்களை ஏற்றிவிட்டது எது? வீரமா? இல்லை. சட்டத்தில் இருந்த ஓட்டை! 1949-இல் பம்பாயில் மதுவிலக்குச் சட்டம் வந்தது. குடி நிற்கவில்லை, விலைதான் ஏறியது. தங்கம் இறக்கக் கட்டுப்பாடு வந்தது. தங்க ஆசை நிற்கவில்லை, கள்ளக்கடத்தல்தான் வளர்ந்தது. மஸ்தான் தங்கத்தைப் பிடித்தார். வரதராஜன் சாராயத்தைப் பிடித்தார். தாராவி, சயான் கோலிவாடா, அந்தாப் ஹில் பக்கத்துச் சதுப்பு நிலங்களில் ஊறல் போட்டுக் காய்ச்சினார்கள். ஹப்தா வாங்கிய காக்கிச் சட்டை கண்ணை மூடிக்கொண்டது.

இது நம் ஊரில் மட்டும் நடந்த கதையா? மெக்சிகோ நாட்டில் சினலோவா மாநிலத்து மலைக் கிராமம் ஒன்றில் பிறந்தவன் ஹோக்கின் குஸ்மான். 'எல் சாப்போ', அதாவது குட்டையன் என்று அவனை அழைப்பார்கள். சிறு வயதில் ஆரஞ்சுப் பழம் விற்றவன். அந்த மலையில் பள்ளி குறைவு, வேலை குறைவு. கசகசாச் செடியும் கஞ்சாவும்தான் காசு கொடுத்தன. அமெரிக்காவில் தடை இருந்தது. தடை இருந்த இடத்தில் லாபம் இருந்தது. அவன் போதைமருந்து ராஜாவானான். இரண்டு முறை சிறையிலிருந்து தப்பினான். முடிவில் 2019-இல் அமெரிக்க நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. அவன் திரட்டியதாக 1,260 கோடி டாலரைப் பறிமுதல் செய்ய உத்தரவானது. அவ்வளவு பணம் புரண்ட பிறகும் அவன் பிறந்த மலைச்சீமை ஏழைச்சீமையாகவே இருக்கிறது. கிராமத்தின் வறுமையை அவன் ஒழிக்கவில்லை. அதிலிருந்து ஆள் எடுத்துக்கொண்டான்.

"ஆனால் வரதாபாய் நமக்குச் செய்தாரே?" என்பீர்கள். உண்மைதான். 1966-இல் சிவசேனை தோன்றியது. மதராசி என்று நம்மை ஏசினார்கள், ஓட்டல்களைத் தாக்கினார்கள். ரேஷன் கார்டுக்குப் போனால் விரட்டினார்கள். போலீஸ் நிலையத்தில் நம் மொழி புரியவில்லை. அப்போது கதவைத் தட்டினால் திறந்த வீடு அவருடையது. சண்டைக்குப் பஞ்சாயத்து, கல்யாணத்துக்குப் பணம், மாதுங்கா ஸ்டேஷன் அருகே ஊரே வியக்கும் கணபதிப் பந்தல். இதையெல்லாம் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுடைய நன்றியை நான் கேலி செய்யமாட்டேன்.

ஆனால் தாய்மார்களே, கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? சாராயத்தைக் குடித்தது யார்? மலபார் ஹில் சீமானா? தோல் பட்டறையிலும் துறைமுகத்திலும் முறிந்த நம் அண்ணன் தம்பிகள்! சனிக்கிழமைக் கூலி வீட்டுக்கு வராமல் சாராயக் கடைக்குப் போனது. அதில் ஒரு பங்கு பந்தலாகவும் கல்யாணப் பணமாகவும் நம்மிடமே திரும்பி வந்தது. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! அதற்குப் பெயர் வள்ளல்தனமா? அந்த வியாபாரத்தின் வால் இன்னும் அறுபடவில்லை. 2004-இல் இதோ கழிக்கு அக்கரையில் விக்ரோளியில் எண்பதுக்கும் மேற்பட்டோர், 2015-இல் மாலாடு மால்வணியில் நூறு பேருக்கு மேல், 2024-இல் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் விஷச்சாராயம் குடித்துச் செத்தார்கள். செத்தவர்கள் கூலிகள்.

முடிவு என்ன ஆயிற்று? 1980-களில் ஒய்.சி. பவார் என்ற போலீஸ் அதிகாரி வலையை இறுக்கினார். வரதராஜன் மதராசுக்குப் போய்விட்டார். 1988 சனவரியில் அங்கேயே இறந்தார். உடலை மஸ்தான் விமானத்தில் பம்பாய்க்குக் கொண்டுவந்தார். மாதுங்காவில் பெருங்கூட்டம் அழுதது. அழுத கூட்டம் எதைக் கொண்டு வீட்டுக்குப் போனது? ஒரு குழாய் உண்டா? ஒரு பள்ளிக்கூடம் உண்டா? குடியிருக்கும் இடத்துக்கு ஒரு துண்டுத் தாள் உண்டா? பாய் போனார், பாதுகாப்பும் போயிற்று.

இன்னொரு தமிழரைச் சொல்கிறேன். அவரைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு எவரும் படம் காட்டவில்லை. ஜோக்கின் அற்புதம். கோலார் தங்கவயலில் பிறந்து, 1960-களில் பம்பாய்க்கு வந்து தெருவில் படுத்துறங்கிய தச்சுத் தொழிலாளி. செம்பூருக்கு அப்பால் ஜனதா காலனியில் குடியிருந்தார். குப்பை அள்ள மாநகராட்சி வரவில்லை. என்ன செய்தார்? அடியாள் அனுப்பவில்லை. சேரிப் பிள்ளைகளைச் சேர்த்தார். ஆளுக்கொரு பொட்டலமாகக் குப்பையைக் கட்டிக்கொண்டு போய் மாநகராட்சி அலுவலகத்தில் கொட்டினார்கள். குப்பை வண்டி வந்தது!

அணுசக்தி நிலையத்துக்காக அந்தக் காலனியைக் காலி செய்யச் சொன்னபோது, வழக்குப் போட்டார், தில்லி வரை போனார், சிறை கண்டார். 1974-இல் தேசிய குடிசைவாழ் மக்கள் கூட்டமைப்பைக் கட்டினார். நெருக்கடி நிலையில், 1976-இல், காலனி இடிக்கப்பட்டது. தோல்விதான், மறைக்கவில்லை. ஆனால் மக்கள் நடுத்தெருவில் விடப்படவில்லை. சீத்தா கேம்ப்பில் மனை கிடைத்தது. அந்த சீத்தா கேம்ப் இன்றும் இருக்கிறது. பிறகு 1986-இல் தோன்றிய மகிளா மிலனின் நடைபாதைப் பெண்களோடு கைகோத்தார். அவர்கள் தினம் ஓரிரண்டு ரூபாய் சேமித்தார்கள். குடிசைகளைத் தாங்களே எண்ணித் தாங்களே பட்டியல் எழுதினார்கள். அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டுதான் தண்டவாளத்தோரத்துக் குடும்பங்கள் பல்லாயிரம் மாற்று வீடு பெற்றன. 2000-இல் மகசேசே விருது, 2011-இல் பத்மஸ்ரீ. 2018-இல் அவர் மறைந்தார். அவர் போன பிறகும் அமைப்பு நிற்கிறது. வித்தியாசம் இதுதான், தோழர்களே: பாய் நம் சார்பில் பேசினார், ஜோக்கின் நம்மைப் பேசவைத்தார்.

இப்போது அந்தப் பையனுக்கு என் பதில். தம்பி, தாராவியை ஒரு பெரும் தொழில் குழுமத்தின் கையில் கொடுத்திருக்கிறார்கள். தரைத்தளத்தில் 2000 சனவரி 1-க்கு முன்பிருந்தே குடியிருப்பதற்குச் சான்று உள்ளவருக்குத்தான் தாராவியிலேயே இலவச வீடு என்கிறார்கள். மற்றவர் வெளியே போகவேண்டும். இதை எதிர்க்க அரிவாள் உதவாது. அந்த நிறுவனத்திடம் வக்கீல் இருக்கிறார், போலீஸ் இருக்கிறது, அரசாங்கம் இருக்கிறது. வரதாபாய் உயிரோடு இருந்தாலும் அவர்களோடு உட்கார்ந்து தன் பங்கைப் பேசி முடித்திருப்பார்! உன் பெரியம்மாவுக்கு வேண்டியது பழைய ரேஷன் கார்டு, மின்கட்டண ரசீது, வாக்காளர் பட்டியல் நகல்; அதைவிட, அந்தச் சந்தில் இருக்கும் நாற்பது வீடும் ஒரே குரலில் பேசும் ஒரு கமிட்டி.

ஆகவே ஒரு வேண்டுகோள். இங்கே ஐரோலியில் குடியேறிவிட்டோம், தாராவி நமக்கென்ன என்று இருக்கவேண்டாம். தாராவியிலும் அந்தாப் ஹில்லிலும் உறவு உள்ளவர்கள் அடுத்த ஞாயிறு அவர்களுடைய தாள்களைச் சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள். மராத்தி படித்த நம் பிள்ளைகள் மனு எழுதட்டும். முதல் மனுவை எழுத நான் அந்தத் தம்பியையே அழைத்திருக்கிறேன். இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறான்.

நாயகன் வருவான் என்று காத்திருந்த காலம் போதும். கூடுவோம், கேட்போம், பெறுவோம். உழைப்போர் ஒற்றுமை ஓங்குக!