குடியிருப்போர் யார், ஆக்கிரமிப்பாளர் யார்?

(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சின் போக்கு பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



உள்ளாட்சியும் தலித்துகளும் என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பைக் கேட்டதும் நம்ம மனசு நேராக மேலவளவுக்குத்தான் போகும். 1997 ஜூன் 30. ஊராட்சித் தலைவர் முருகேசனையும் அவரோடு வந்தவர்களையும் வெட்டிச் சாய்த்த நாள். அப்புறம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். 1996-இல் தொடங்கி 2006 வரை தனித்தொகுதி என்ற ஒரே காரணத்துக்காக அங்கே தேர்தலை ஒழுங்காக நடத்தவே விடவில்லை. இதையெல்லாம் நாம் பேசியிருக்கிறோம், இன்னும் பேசவேண்டியதும் இருக்கிறது. ஆனால் நான் இன்றைக்குப் பேச வந்தது நகரத்தைப் பற்றி. சென்னையைப் பற்றி.

ஏனென்றால் ஊரை விட்டால் சாதி விட்டது என்று ஒரு நம்பிக்கை நம்மிடமே இருக்கிறது. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் பேசியபோது அம்பேத்கர் கிராமத்தைக் கழுவி ஊற்றினார். அதைப் புனிதமாகக் கொண்டாடியவர்கள் அவரை எதிர்த்துப் பேசினார்கள். நம்ம சனங்களும் கிராமத்தை விட்டு வந்தார்கள். செங்கல்பட்டு, வட ஆற்காடு, தென்னாற்காடு என்று எங்கிருந்தெல்லாமோ வந்து கூவம் கரையிலும், அடையாற்றங்கரையிலும், பக்கிங்காம் கால்வாய் ஓரத்திலும் குடிசை போட்டார்கள். வந்தவர்களுக்கு இந்தக் கடற்கரைப் பட்டணம் என்ன வைத்திருந்தது? அதைத்தான் கேட்கப் போகிறேன்.

ரெண்டு சுவரைச் சொல்றேன். முதல் சுவர் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் இருக்கிறது. அதில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள். மக்கும் குப்பை, மக்காத குப்பையைப் பிரித்துப் போடவும். நாயைச் சங்கிலி போட்டுக் கூட்டிப் போகவும். வேற்று ஆள் வண்டி நிறுத்தக்கூடாது. சில இடங்களில் இன்னும் ஒரு வரி இருக்கும்: வீட்டு வேலை செய்பவர்கள், பொருள் கொண்டு வருபவர்கள் லிஃப்ட்டைப் பயன்படுத்தக்கூடாது. கிராமத்தில் இதற்கு ரெட்டை டம்ளர் என்று பேர் வைத்தோம். நகரத்தில் இதற்குப் பராமரிப்பு விதி என்று பேர்.

இரண்டாவது சுவர் கால்வாய்க் கரையில். அதிலே நோட்டீஸ் கிடையாது. பெயிண்டில் ஒரு நம்பர் எழுதியிருக்கும். யாரோ வந்தார்கள், எழுதினார்கள், போய்விட்டார்கள். எதுக்கு நம்பர் என்று கேட்டால் 'கணக்கெடுப்பு' என்பார்கள். அந்த நம்பர் விழுந்த அன்றைக்கே அந்த வீட்டுக்காரி ராத்திரி தூக்கத்தைத் தொலைத்துவிடுவாள். அவளுக்குத் தெரியும், நம்பர் போட்டால் அடுத்து லாரி வரும்.

முதல் சுவருக்கு உள்ளே இருப்பவர் 'குடியிருப்போர்'. இரண்டாவது சுவருக்கு உள்ளே இருப்பவர் 'ஆக்கிரமிப்பாளர்'. இரண்டு பேரும் ஓட்டுப் போடுகிறார்கள். சோப்புக்குக்கூட வரி கட்டுகிறார்கள். ஒருவருக்கு நகராட்சி விதி என்பது எப்படி வாழ்வது என்ற யோசனை. மற்றவருக்கு அது எப்போது போவது என்ற கெடு.

இது இன்றைக்கு நேற்று வந்ததில்லை. சென்னை மாநகராட்சி 1688-இல் தொடங்கியது. நாட்டிலேயே பழைய மாநகராட்சி என்று பெருமையாகச் சொல்வார்கள். கோட்டைக்குள்ளே வெள்ளையர் நகரம், வெளியே கறுப்பர் நகரம் என்று பிரித்தார்கள் என்பது பள்ளிக்கூடப் பாடத்திலேயே இருக்கிறது. பாடத்தில் இல்லாதது ஒன்று உண்டு. கம்பெனிக்காரன் காலத்து வரைபடங்களில் பறச்சேரி என்று தனியாகவே குறித்திருக்கிறார்கள். கறுப்பர் நகரத்துக்கும் வெளியே ஒரு நகரம். வெள்ளைக்காரன் போட்டது ஒரு கோடு. இன்னொரு கோடு ஏற்கெனவே இங்கே இருந்தது, அவன் அதை அளந்து காகிதத்தில் ஏற்றிக்கொண்டான்.

மேயர் நாற்காலிக்கு நாம் வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்திருக்கிறோம். 1937-இல் ஜெ. சிவசண்முகம் பிள்ளை, 1945-இல் ந. சிவராஜ். 2022-இல் பிரியா, இந்த நகரத்தின் முதல் தலித் பெண் மேயர். வடசென்னையிலிருந்து ஒரு இளம்பெண் அந்த அங்கியைப் போட்டுக்கொண்டு ரிப்பன் கட்டடப் படியில் ஏறினதைப் பார்த்து நம்ம வீட்டுக் கிழவிகள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அதைக் குறைச்சுப் பேச எனக்கு மனசில்லை. ஆனால் நாற்காலி எங்கே இருக்கிறது, அதிகாரம் எங்கே இருக்கிறது என்று பார்க்கணும் இல்லையா? நிர்வாக அதிகாரம் ஆணையர் என்ற அதிகாரியிடம். நகரத் திட்டம் சி.எம்.டி.ஏ. கையில். குடிநீரும் சாக்கடையும் 1978-லிருந்து மெட்ரோ வாட்டர் கையில். கால்வாய்க் கரை நீர்வளத் துறைக்கு, புறம்போக்குக் கணக்கு வருவாய்த் துறைக்கு, வீடு கொடுப்பது பழைய குடிசை மாற்று வாரியம், 2021-இல் அதற்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பேர் மாற்றினார்கள். கால்வாய் ஓரத்தில் பத்துக்குப் பத்து அடி குடிசை ஒன்றுக்கு இத்தனை எசமான்கள். ஒரு தெருக்குழாய் கேட்டுப் போனால் ஒவ்வொருத்தரும் அடுத்தவரைக் காட்டுவார்கள். இடிக்கிற அன்றைக்கு மட்டும் அத்தனை பேரும் ஒன்றாக வருவார்கள். போலீசும் வரும்.

அந்த மன்றமே எத்தனை காலம் இருந்தது என்பதும் ஒரு கேள்வி. 1973-இல் மாநகராட்சி மன்றத்தைக் கலைத்தார்கள். அடுத்த தேர்தல் 1996-இல். இருபத்து மூன்று வருஷம்! பிறகு 2016-லிருந்து 2022 வரை மறுபடியும் மன்றம் கிடையாது. கவுன்சிலர் இல்லாததால் பங்களாவில் இருப்பவருக்கு என்ன நட்டம்? அவர் அதிகாரிக்கு நேராகப் போன் போடுவார். பிளாஸ்டிக் குடத்தோடு லாரித் தண்ணிக்கு நிற்கிறவளுக்குத்தான் போய்ச் சண்டை போட ஒரு ஆள் இல்லாமல் போனது.

இப்போ சட்டத்துக்கு வர்றேன். கொஞ்சம் கவனமாகக் கேளுங்க, மாணவர்கள் குறித்துக்கொண்டாலும் நல்லது. 1971-இல் தமிழ்நாடு குடிசைப் பகுதிகள் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் முதல் வேலை, ஒரு இடத்தைக் 'குடிசைப் பகுதி' என்று அரசு அறிவிப்பது. அறிவித்துவிட்டால் அங்கே தண்ணீர், விளக்கு, கக்கூஸ் என்று மேம்பாட்டு வேலை செய்யவேண்டும். அறிவிக்கப்பட்ட இடத்தில் இருப்பவர்களை, அதற்குரிய அதிகாரியின் முன்அனுமதி இல்லாமல் வெளியேற்ற நடவடிக்கை எடுக்க முடியாது என்று 29-ஆம் பிரிவு சொல்கிறது. அதாவது நம்பர் போட்டுவிட்டு லாரியைக் கொண்டு வந்து நிறுத்துவது அவ்வளவு சுலபமில்லை. சட்டப்படி.

அப்புறம் ஏன் சுலபமாக நடக்கிறது? கணக்கைப் பாருங்க. 1971-இல் சென்னையில் 1,202 பகுதிகளை அறிவித்தார்கள். 1985-இல் இன்னும் 17. அத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். அதற்கப்புறம் ஒரு பகுதிகூட அந்தப் பட்டியலில் சேரவில்லை. நகரம் பெருத்தது. பாலம் வந்தது, கம்ப்யூட்டர் கம்பெனி வந்தது, அதற்கெல்லாம் கல் சுமக்க, தரை துடைக்க ஆட்கள் வந்தார்கள். பட்டியல் மட்டும் வளரவில்லை. அறிவிக்காவிட்டால் 29-ஆம் பிரிவும் இல்லை. பட்டியலில் இருந்தால் குடிசைவாசி, இல்லாவிட்டால் ஆக்கிரமிப்பாளன். நம்மைத் திருடனாக ஆக்கினது நாம் செய்த காரியம் இல்லீங்க, அவர்கள் செய்யாமல் விட்ட காரியம்.

இன்னொரு வார்த்தை உண்டு: ஆட்சேபணைக்குரிய புறம்போக்கு. ஆற்றோரம், கால்வாயோரம் இதில் வரும். நீர்வழியை மறிக்கிறான் என்பார்கள். சரி, நீர்வழி முக்கியம்தான். அப்படியானால் பறக்கும் ரயிலின் தூண்கள் எங்கே நிற்கின்றன? பக்கிங்காம் கால்வாய்க்குள்ளேயே நிற்கின்றன. 1995-லிருந்து ரயில் ஓடுகிறது. தூணுக்கு யார் நம்பர் போட்டார்கள்? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் பெருங்குடிக் குப்பைமேட்டை வளர்த்தது யார்? எந்தக் குடிசைக்காரனும் இல்லை.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரைச் சனங்களை 'உங்களைக் காப்பாற்றத்தான்' என்று சொல்லி லாரியில் ஏற்றினார்கள். எங்கே கொண்டு போனார்கள்? பெரும்பாக்கம், எழில் நகர். அதற்கும் முன்னால் 2000-லிருந்தே கண்ணகி நகர், அப்புறம் செம்மஞ்சேரி. எல்லாம் அதே சதுப்பு நிலத்தைச் சுற்றின தாழ்வான பூமி. செம்மஞ்சேரிக்குள் மழைக்காலத்தில் தண்ணீர் புகுவதைத் தொலைக்காட்சியிலேயே பார்த்திருப்பீர்கள். வெள்ளத்திலிருந்து காப்பாற்றி வெள்ளத்தில் விட்டார்கள். பெரும்பாக்கத்தில் எட்டு அடுக்கு. இங்கே வேலைக்குப் போன வீட்டில் லிஃப்ட்டில் ஏறக்கூடாது என்று விதி. அங்கே சொந்த வீட்டில் லிஃப்ட் பழுதானால் குடத்தோடு எட்டு மாடி ஏறணும். வேலை இருபது இருபத்தைந்து கிலோமீட்டருக்கு அப்பால். கண்ணகி நகர் என்று விலாசம் சொன்னால் வேலை கொடுக்கிறவன் முகம் மாறும். சேரி என்ற பேரை விட்டு ஓடிவந்தவனுக்கு அரசாங்கமே புதுசாக ஒரு பேரைக் கட்டிக் கொடுத்தது.

2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடிக்க வந்தபோது ஒருவர் தன் உடம்பில் தீ வைத்துக்கொண்டார். மறுநாள் செத்துப்போனார். கால்வாய் ஆக்கிரமிப்பு என்று உச்சநீதிமன்றம் வரைக்கும் போன வழக்கு அது. அவர் பேரை நான் இங்கே சொல்லவில்லை, அந்தக் குடும்பத்தை மேடைக்கு மேடை இழுக்க எனக்கு விருப்பமில்லை. ஒரு மனுசன் வீட்டுக்காக உயிரை விடுகிறான் என்றால் அது நாலு சுவருக்காக இல்லை. பிள்ளைகளின் பள்ளிக்கூடம், பெண்டாட்டி வேலைக்குப் போகிற நாலு வீடு, அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிற பக்கத்து வீட்டுக்காரன், எல்லாமே அந்த இடத்தில்தான் இருக்கிறது. லாரியில் ஏற்றும்போது கட்டிலையும் பீரோவையும்தான் ஏற்ற முடியும்.

குப்பை பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். முதல் சுவரில் குப்பையைப் பிரித்துப் போடச் சொல்லி விதி இருக்கிறதே, அந்த விதி யார் கையால் நடக்கிறது? 2025 ஆகஸ்டு 1-ஆம் தேதி தொடங்கி பதின்மூன்று நாள், இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் கட்டடத்துக்கு வெளியே உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் நம்ம சனங்கள். எங்களைத் தனியார் கம்பெனிக்குத் தள்ளாதே, வேலையை நிரந்தரமாக்கு, இவ்வளவுதான் கோரிக்கை. 13-ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அவர்களைத் தூக்கிக்கொண்டு போனது. நீதிமன்றத்தில் எழுந்த பிரச்சினை என்ன தெரியுமா? நடைபாதையை மறித்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது. அந்த நடைபாதையை ஒவ்வொரு நாளும் கூட்டினவர்கள் அவர்கள்தான். கூட்டும்போது அவர்கள் யார் கண்ணுக்கும் படவில்லை. உட்கார்ந்ததும் ஆக்கிரமிப்பு.

2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக அறிவித்தார்கள். போகட்டும், அந்தச் சொல் நம்மைக் குத்தினது உண்மை. சொல்லை எடுத்த கையோடு அங்கே ஒரு குழாயும் போட்டால் நன்றாக இருக்கும்.

ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்லணும். எந்த இடம் என்று வேண்டாம். நம்பர் போட்ட வீடு அவங்களுது. நான் போனபோது ஒரு மஞ்சப்பையைக் கொண்டு வந்து தரையில் கொட்டினார்கள். ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, கரண்ட் பில், கேஸ் புத்தகம், மகள் படித்த பள்ளிக்கூடச் சான்றிதழ், முப்பது வருஷத்துக்கு முந்தின ஏதோ ஒரு டோக்கன். எல்லாவற்றிலும் அதே விலாசம். "எல்லாத்துக்கும் சீட்டு கீது நைனா, இருக்கிறதுக்குத்தான் சீட்டு இல்ல" என்றார்கள். நான் சட்டம் படித்தவன் மாதிரி என்னென்னமோ சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த ஒரு வரிக்கு முன்னால் எனக்குப் பேச்சு நின்றுவிட்டது.

அப்புறம்தான் யோசித்தேன். அந்த மஞ்சப்பைதான் நம்ம ஆவணக் காப்பகம். விளக்குக்கும் அரிசிக்கும் ஓட்டுக்கும் அவளைத் தெரிந்த அரசாங்கம், இடிக்கும்போது மட்டும் 'யார் நீ' என்று கேட்கிறது. தெரியும் என்று அதன் வாயாலேயே சொல்ல வைக்கணும்.

நகரத்திலும் இப்போது பகுதி சபை என்று ஒன்று வந்திருக்கிறது. கிராம சபை மாதிரி. 2022-இல் விதி போட்டு, அந்த வருஷம் நவம்பர் 1-ஆம் தேதி கூட்டமும் நடத்தினார்கள். அங்கே யார் போகிறார்கள்? குடியிருப்போர் நலச் சங்கத்தார், கையில் தட்டச்சு செய்த மனுவோடு போகிறார்கள். மரக்கிளை, தெருவிளக்கு, கொசு. தப்பில்லை, அவங்க பிரச்சினையை அவங்க பேசறாங்க. நம்மவர்களுக்குக் கூட்டம் நடப்பதே தெரிவதில்லை. தெரிந்தாலும் 'நாம போய் இன்னா பேசறது' என்று கூச்சம். போகணும். போய் ரெண்டே கேள்வி கேட்கணும். எங்கள் தெரு 1971, 1985 பட்டியலில் இருக்கிறதா? இருந்தால், எங்களை வெளியேற்ற 29-ஆம் பிரிவின்படி யார், எந்தத் தேதியில் அனுமதி கொடுத்தார்கள்? இல்லையென்றால், ஏன் இன்னும் அறிவிக்கவில்லை? (மூணு ஆயிடுச்சு, பரவாயில்லை.) பதிலை வாயால் வாங்காதீர்கள், கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது, பத்து ரூபாய்தான் செலவு.

இந்த வேலைக்கு நீங்கள் வேணும். கவிதை எழுதுகிறவர்களும் வேணும், கணக்குப் போடுகிறவர்கள் இன்னும் அதிகமாக வேணும். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கால்வாய்க் கரைக்குப் போகிறோம். வெயில் ஏறுவதற்குள் ஒரு தெருவாவது முடிக்கணும். ஆளுக்கு ஒரு நோட்டு கொண்டு வாங்க. ஜெராக்ஸ் எடுக்கக் கொஞ்சம் சில்லறை. யார் வீட்டிலாவது அளக்கிற டேப் இருந்தால் மறக்காமல் எடுத்து வாங்க, கடைசி வீட்டிலிருந்து தண்ணிக் குழாய் எத்தனை அடி என்று அளக்கவேண்டியிருக்கிறது.