அலுமாரிக்குள் இருக்கும் இலங்கை வானொலி



கண்டியில் வானொலிப் பெட்டியை வீட்டின் எந்த மூலையில் வைப்பது என்பதை மலைதான் தீர்மானிக்கும். பண்பலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வது. நடுவில் ஒரு குன்று நின்றால் மறுபக்கத்தில் இரைச்சல்தான். கட்டுகஸ்தோட்டையில் ஒரு தெருவில் துல்லியமாகக் கேட்கும் நிலையம், அடுத்த வளைவில் இறங்கியதும் காணாமல் போய்விடும். ஹந்தானை மலையில் ஒலிபரப்புக் கோபுரங்களைக் கொண்டுபோய் நிறுத்தியிருப்பதும் இதனால்தான்.

மத்திய அலைக்கு இரவில் நிலைமை மாறும். பகலில், வானத்தில் சுமார் 60 முதல் 90 கிலோமீற்றர் உயரத்தில், சூரிய ஒளியால் மின்னேற்றம் பெற்ற படை ஒன்று இருக்கும். மத்திய அலை அதைத் தாண்டிப் போக முடியாமல் அங்கேயே தேய்ந்துவிடும். பொழுது சாய்ந்ததும் அந்தப் படை கலைந்துவிடும். அதற்கும் மேலே உள்ள படைகள் அலையைத் திருப்பிப் பூமிக்கு அனுப்பும். மலைக்கு மேலாக வந்து இறங்கும் அலைக்கு எந்தக் குன்றும் தடையில்லை. தூத்துக்குடி வானொலியின் 1053 கிலோஹேர்ட்ஸ், 200 கிலோவாட் ஒலிபரப்பைக் கண்டியில் இருந்துகொண்டு கேட்டவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். அதற்குப் பின்னால் இத்தனை விஷயம் இருக்கிறது.

இந்த விஷயங்களில்தான் எனக்கு ஈடுபாடு. பழைய ரேடியோவைக் கழற்றிப் பார்ப்பது, கம்பியை நீட்டி ஏரியல் கட்டுவது, தூரத்து நிலையத்தைப் பிடித்து நேரமும் அலைவரிசையும் குறித்து வைப்பது, பழைய திரைப்பாடல்களைச் சேர்ப்பது. நிலையத்துக்குக் கடிதம் எழுதினால், நீங்கள் கேட்டது உண்மைதான் என்று உறுதிப்படுத்தி ஓர் அட்டை அனுப்புவார்கள். அதைக் கியூ.எஸ்.எல். அட்டை என்போம். சோல்டரிங் அயனும் பாட்டும் ஒரே மேசையில் இருக்கிற பொழுதுபோக்கு இது. இதனால் என்ன பயன் என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். இன்று என்னால் முடிந்த பதிலைச் சொல்கிறேன்.

இலங்கையில் வானொலி என்ற ஒன்றே ஆர்வலர்களின் மேசையிலிருந்து வந்ததுதான். 1921இல் தந்தி அலுவலகத்தின் பிரதம பொறியியலாளராகக் கொழும்புக்கு வந்தவர் எட்வர்ட் ஹார்ப்பர். இரண்டு ஆண்டுகள் கழித்து, மத்திய தந்தி அலுவலகத்தின் சின்ன அறை ஒன்றிலிருந்து கிராமபோன் இசையை அவர் காற்றில் அனுப்பிப் பார்த்தார். பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் வானொலிப் பாகங்களைக் கொண்டு அந்த ஒலிபரப்பியை அமைத்ததாக நமது வானொலி வரலாறு சொல்கிறது. லண்டனில் பிபிசி ஆரம்பமானதே அதற்கு முந்திய ஆண்டில்தான். ஹார்ப்பரும் அவரைப் போன்ற பித்துப்பிடித்த சிலரும் சேர்ந்து வயர்லெஸ் கழகம் ஒன்றை அமைத்தார்கள். 1925 டிசம்பர் 16ஆம் திகதி முறையான ஒலிபரப்பு கொழும்பில் தொடங்கியது. ஆசியாவிலேயே மிக முந்திய வானொலிகளில் ஒன்று நம்முடையது. அதன் வேரில் ஓர் அரசாங்கத் திட்டத்தைவிட, ஒரு மனிதரின் ஆசை அதிகமாகத் தெரிகிறது எனக்கு.

அந்த ஆசை பின்னாளில் உயிர்காத்த சம்பவமும் நம் நாட்டில் நடந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு தெற்குக் கரையில் தொலைபேசி வேலை செய்யவில்லை. அப்போது இலங்கை வானொலிச் சங்கத்தின் தலைவராக இருந்தவர் விக்டர் குணதிலக்க, 4எஸ்7விகே என்ற அழைப்புக்குறி கொண்ட, ஹாம் எனப்படும் பொழுதுபோக்கு வானொலியாளர். அவரும் சகாக்களும் அம்பாந்தோட்டையில் பெட்டரியில் இயங்கும் சிற்றலைக் கருவியை நிறுவி, கொழும்புக்குத் தகவல் அனுப்ப வழி செய்தார்கள். கம்பியும் கோபுரமும் விழுந்த இடத்தில், பொழுதுபோக்காகப் பழகிய கை உதவியது. ஹாம் வானொலிக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பரீட்சை எழுதி அனுமதிப்பத்திரம் பெற வேண்டும். தொடக்கநிலைக்குப் படிப்பது ஒரு பாடசாலை மாணவனுக்கும் முடியாத காரியமல்ல. உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகள் கண்டியில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்கள் இதைப் பற்றி விசாரித்துப் பார்க்கலாம்.

கண்டிக்கு இலங்கை வானொலியின் வரலாற்றில் தனி இடமும் உண்டு. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியப் படைக் கட்டளைப் பீடத்தை டெல்லியிலிருந்து கண்டிக்கு மாற்றினார். பேராதனைப் பூங்காவின் மரங்களுக்கிடையே அலுவலகங்கள் எழுந்தன. தூரதேசத்தில் இருந்த படையினருக்குப் பாட்டும் செய்தியும் கொடுப்பதற்கென்று அந்தக் கட்டளைப் பீடம் ஏற்படுத்திய நிலையம்தான் ரேடியோ சீயாக். அதற்காக ஜா-எல பக்கத்தில் எக்கல என்ற இடத்தில் 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பி அமைந்தது. படை போனது, இயந்திரம் இங்கே நின்றது. 1949இல் அது இலங்கை அரசின் கைக்கு வந்தது. ரேடியோ சிலோன் என்ற பெயர் உலகத்துக்குத் தெரிய வந்ததும் அதன் பிறகுதான். 1950 செப்டெம்பர் 30ஆம் திகதி வர்த்தக சேவை தொடங்கியது.

அடுத்து நடந்தது தற்செயல். 1952இல் இந்தியாவின் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி. வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு இரசனையைக் கெடுக்கிறது என்று நினைத்தார். அகில இந்திய வானொலியில் திரைப்பாடல் மறைந்தது. பாட்டுக்கு ஏங்கிய கோடிக்கணக்கான காதுகள் ரேடியோ சிலோன் பக்கம் திரும்பின. 1957இல் விவித் பாரதி வந்து அந்தக் குறையைத் தீர்ப்பதற்குள் இலங்கை அறிவிப்பாளர்கள் தமிழ்நாட்டு வீடுகளில் சொந்தக்காரர்கள்போல ஆகிவிட்டிருந்தார்கள். எஸ். பி. மயில்வாகனன், பிறகு கே. எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி. எச். அப்துல் ஹமீத். காலையில் ‘பொங்கும் பூம்புனல்’ ஒலித்தால்தான் பலருக்குப் பொழுது விடிந்த கணக்கு. அப்துல் ஹமீதின் ‘பாட்டுக்குப் பாட்டு’ இலங்கை வானொலியில் பிறந்து, பிறகு தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிக்குப் போனது. திரைப்படம் ஒன்றுகூட எடுக்காத கொழும்பு வர்த்தக சேவை, தமிழ்த் திரையிசையை வளர்த்ததில் சென்னைக்கு அடுத்த பங்கை எடுத்துக்கொண்டது என்று நான் துணிந்து சொல்வேன்.

நமது மலைநாட்டுத் தோட்டங்களில் அந்த வானொலி எப்படிக் கேட்கப்பட்டது என்பது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். லயத்தில் மின்சாரம் இருக்காது. ஒரு வீட்டில் ட்ரான்சிஸ்டர் இருந்தால் பக்கத்து நான்கு காம்பராவும் அங்கே வந்து உட்காரும். பெட்டரி தளர்ந்தால் வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு நாள் ஓட்டுவார்கள். எம்.ஜி.ஆர். பாட்டு வந்தால் சத்தத்தைக் கூட்டுவார்கள்; அவர் 1917இல் நாவலப்பிட்டியில் பிறந்தவர், நம்ம ஊர்ப் பிள்ளை என்ற உரிமை. கொழுந்து நிறுத்து முடித்து, கால் வலியோடு வந்த பெண்கள், தங்கள் பெயரை ஒருவர் கொழும்பிலிருந்து ‘விரும்பிக் கேட்டவர்கள்’ பட்டியலில் வாசிப்பதைக் கேட்டு மகிழ்ந்தார்கள். தோட்டத்தின் பெயர், டிவிஷனின் பெயர், எல்லாம் காற்றில் வந்தது. தபாலட்டை ஒன்றின் விலையில் கிடைத்த அங்கீகாரம் அது. அந்த நாளில் அவர்களுடைய பெயரை வேறு யார் அத்தனை மரியாதையாக உச்சரித்தார்கள்?

1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்டது. மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்களும் டேப் ரெக்கார்டரோடு திரும்பினார்கள். வீட்டுக்கு வீடு கசெட் வந்தது. அப்போதுதான், யாரும் திட்டமிடாமலே, நம் மக்கள் இலங்கை வானொலியைச் சேமிக்கத் தொடங்கினார்கள். பிடித்த பாட்டு வருமா என்று விரலைப் பொத்தானில் வைத்துக் காத்திருந்து பதிவு செய்தார்கள். பாட்டு மட்டும் விழுந்திருந்தால் இன்று அதைப் பற்றிப் பேசியிருக்க மாட்டேன். விரல் கொஞ்சம் முந்தியது, கொஞ்சம் பிந்தியது. அதனால் அறிவிப்பாளரின் குரலும் விழுந்தது. விளம்பரம் விழுந்தது. நேரம் சொல்வது விழுந்தது. நேயர் பெயர்ப்பட்டியல் விழுந்தது.

அந்தப் பாட்டு இன்று எங்கும் கிடைக்கிறது. கைத்தொலைபேசியில் தேடினால் நொடியில் வந்துவிடும். பாட்டுக்கு முன்னும் பின்னும் வந்த அந்தக் குரல் கிடைக்காது. நேரடியாகப் பேசிய பேச்சு, பேசி முடித்ததும் போய்விட்டது. ஒலிநாடா விலை உயர்ந்த காலத்தில் ஒன்றின் மேல் ஒன்றாகப் பதிந்து பயன்படுத்துவது உலக வானொலிகள் பலவற்றில் இருந்த வழக்கம். பிபிசிகூட அப்படித்தான் செய்தது. ‘டொக்டர் ஹூ’ என்ற அவர்களுடைய புகழ்பெற்ற தொலைக்காட்சித் தொடரில் 1960களின் 90க்கும் மேற்பட்ட அத்தியாயங்களின் படம் நிலையத்திலிருந்து அழிந்துபோயிற்று. ஆனால் அவை ஒவ்வொன்றின் ஒலியும் இன்று இருக்கிறது. எப்படி? தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்த சில இரசிகர்களால். அவர்களில் பலர் அப்போது பள்ளிப் பிள்ளைகள். உலகத்தின் மிகப் பெரிய ஒலிபரப்பு நிறுவனங்களில் ஒன்று இழந்ததை, பொழுதுபோக்காகச் செய்தவர்கள் திருப்பிக் கொடுத்தார்கள்.

நம் வீடுகளிலும் அதே மாதிரிச் சொத்து இருக்கிறது. கண்டியில், மாத்தளையில், கம்பளையில், நாவலப்பிட்டியில், அலுமாரியின் அடித்தட்டில், சப்பாத்துப் பெட்டியில் அடுக்கி வைத்த கசெட்டுகள். பிரச்சினை நமது காலநிலை. இரண்டு பருவக்காற்றின் மழையும் மலைப்பனியும் சேர்ந்து வருடம் முழுக்க ஈரம். நாடாவில் வெள்ளைப் பூஞ்சை பிடிக்கிறது. கசெட்டின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் சுருளின் ஓரத்தில் மாவு தூவியதுபோலத் தெரியும். அப்படிப்பட்டதைத் தயவுசெய்து ஓடவிடாதீர்கள். பூஞ்சை இயந்திரத்தின் தலைக்கு ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கசெட்டுக்கும் போகும். அதைத் தனியே ஒரு பையில் போட்டுச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

நல்ல நிலையில் இருப்பவற்றை நீங்களே கணினிக்கு மாற்றலாம். முதல் வேலை, கசெட்டின் முதுகுப்பக்கம் இரண்டு மூலையிலும் உள்ள சின்ன பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்துவிடுவது. அதற்குப் பிறகு தவறி யாரும் மேலே பதிவு செய்ய முடியாது. உள்ளே நாடாவை இயந்திரத் தலையோடு அழுத்திப் பிடிக்கும் சிறிய பஞ்சுத் துண்டு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்; விழுந்திருந்தால் சத்தம் மங்கும், நாடாவில் குற்றமில்லை. பல வருடம் ஓடாத கசெட்டை ஒருமுறை முழுக்க முன்னே ஓட்டி, பின்னே ஓட்டிவிட்டுப் போடுங்கள். 90 நிமிடக் கசெட்டின் நாடா 60 நிமிடத்தினதைவிட மெல்லியது, 120 நிமிடத்தினது இன்னும் மெல்லியது. அவற்றை நிறுத்தி நிறுத்தி இழுக்காதீர்கள். இயந்திரத்தின் தலையைப் பஞ்சில் ஐசோபுரொப்பைல் அல்கஹோல் தொட்டுத் துடையுங்கள். பிறகு ஹெட்போன் துளையிலிருந்து கணினியின் ஒலி உள்ளீட்டுக்கு ஒரு வயர். ஓடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். முதல் பிரதியை டபிள்யூ.ஏ.வி. கோப்பாக வையுங்கள், எம்.பி.3 இடத்தை மிச்சப்படுத்தும், ஒலியைக் கழித்தும்விடும். இரைச்சலை நீக்குகிறேன் என்று அந்த மூலப் பிரதியில் கைவைக்க வேண்டாம். இன்றைய மென்பொருளைவிட நல்லது நாளை வரும். பின்னால் கேட்கும் மழைச் சத்தமும் அம்மா அடுக்களையிலிருந்து கூப்பிடும் சத்தமும் அந்தப் பதிவைச் சேர்ந்தவைதான்.

மாற்றி முடித்ததும் வேலை பாதிதான் ஆகியிருக்கும். இது எந்த ஆண்டு, எந்த வீடு, யார் பதிவு செய்தது, இடையில் பேசுகிற பிள்ளை யார் என்பது ஒரு மூத்தவருக்கு மட்டும் தெரியும். நாடா இன்னும் பத்து வருடம் தாங்கலாம். அவரிடம் கேட்கும் வாய்ப்பு அத்தனை காலம் இருக்குமா?

பிரதி ஒரே இடத்தில் இருப்பது ஆபத்து என்று இந்த நாட்டுத் தமிழருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது சுமார் 97 ஆயிரம் நூல்களும் ஏடுகளும் அழிந்தன; பலவற்றுக்கு வேறு பிரதி இருக்கவில்லை. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகம், இலங்கைத் தமிழர் நூல்களையும் பத்திரிகைகளையும் கணினிக்கு மாற்றி எவரும் வாசிக்கத் தருகிறது. சம்பளம் எதிர்பாராத ஆர்வலர்களின் உழைப்பால் எழுந்தது அது. அச்சில் வந்ததற்கு இவ்வளவு செய்திருக்கிறோம். காற்றில் வந்ததற்கும் அதே அக்கறை வேண்டும். மலையக மக்களின் பெயரைத் தாங்கிய நேயர் பட்டியல்களுக்கு மிக அதிகமாக வேண்டும், ஏனென்றால் அந்தப் பெயர்கள் வேறெங்கும் மரியாதையோடு எழுதப்பட்டது குறைவு.

ஆகவே ஒரு வேண்டுகோள். இந்த வாரவிடுமுறையில் அலுமாரியைத் திறந்து பாருங்கள். கசெட் கிடைத்தால் எறியாதீர்கள், ஈரமில்லாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். வீட்டில் கணினி தெரிந்த பிள்ளையை அழைத்து, தாத்தாவின் அல்லது பாட்டியின் பக்கத்தில் உட்காரவையுங்கள். பிள்ளை பதிவை மாற்றட்டும். பெரியவர் சொல்வதை ஓர் அட்டையில் எழுதட்டும். ஆண்டு, ஊர், தோட்டம், பேசுபவரின் பெயர். ஒரு பிரதி உங்களிடம், ஒரு பிரதி வேறு ஊரிலுள்ள உறவினரிடம் இருக்கட்டும். அட்டையில் எழுதியதைக் கோப்போடும் சேர்த்தே அனுப்புங்கள்.