மதிலை விட்ட ஆறு



சிங்கப்பூரில் பிஷான் பூங்காவின் ஓரமாக, காலாங் ஆறு 2.7 கிலோ மீற்றர் தூரம் கொங்கிறீற் வாய்க்காலிலே நேர்கோடாக ஓடிற்று. வெள்ளத்தை விரைந்து வெளியேற்றவே அப்படிக் கட்டினார்கள். அதைப் பழிக்க நாம் வரவில்லை. வெள்ளம் புகுந்த வீட்டாரைக் கேட்டால் அதன் அருமை தெரியும்.

ஆயினும் 2009 முதல் 2012 வரையில் அம்மதில்களை உடைத்து, வளைந்து செல்லும் 3.2 கிலோ மீற்றர் ஆறொன்றை அமைத்தார்கள். உடைத்த கொங்கிறீற்றைக் கொண்டே பூங்காவில் ஒரு குன்று எழுப்பினார்கள். இன்று கரைமண்ணைப் பிடித்து நிற்பவை பாறைகளும் செடிகளின் வேர்களுமே. நீர்நாய்களும் வந்து சேர்ந்தன.

வெள்ளத்துக்கு என்ன வழி? பழைய வாய்க்காலின் அகலம் 24 மீற்றருக்கு மேற்படவில்லை. பெருமழையில் இந்த ஆறோ 100 மீற்றர் வரை விரிந்து, வேகந் தணிந்து செல்கிறது. மற்ற நாட்களில் பிள்ளைகள் ஓடி விளையாடும் புல்வெளிதான் அந்த இடம்! நீர் ஏறும்போது எச்சரிக்கை ஒலி எழும். மக்கள் மேட்டுக்குப் போய்விடுவர்.

வாய்க்காலோரம் வீடுகள் நெருங்கிய நகரில் இத்தனை இடத்துக்கு எங்கே போவது என்பீர்கள். நியாயமான கேள்வி. குடியிருப்போரை எழுப்பிவிட்டு ஆற்றுக்கு இடங்கொடுங்கள் என்று சொல்ல நாம் துணியோம். கரையில் இன்னும் வெறுமையாய்க் கிடக்கும் காணிகள் எவையென்று முதலில் பார்த்து வருவோம்.