கதிர்வீச்சும் அனுமதிப்பத்திரமும்



பழைய இரும்பு வாங்குவோரின் குரல் நம் யாழ்ப்பாணத்துத் தெருக்களுக்குப் புதிதன்று. டில்லிப் பல்கலைக்கழகத்து இரசாயனப் பகுதியிலே 1985 முதல் வாளா கிடந்த கருவியொன்று, 2010ஆம் ஆண்டிலே அத்தகைய வணிகர் கைக்கே ஏலத்திற் சென்றது. அதனுள்ளே கோபால்ற்று-60 என்னும் கதிரியக்கப் பொருள் இருந்தது. மாயாபுரியில் அதனை அறியாது பிரித்தனர். கதிர் பட்டு ஒருவர் மாண்டார். அப்பொருளின் வீரியம் பாதியாகக் குறைய ஐந்தேகால் ஆண்டு செல்லும். இருபத்தைந்து ஆண்டு கிடந்தும் கொல்லும் வலி எஞ்சியிருந்தது! கற்றோர் நிறைந்த இடத்திலிருந்தன்றோ அது புறப்பட்டது?

இலங்கையில் 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டம், இத்தகைய பொருள்களைக் கையாள அனுமதிப்பத்திரம் வேண்டுமென்கிறது. திருநெல்வேலியிலுள்ள நம் பல்கலைக்கழகமும் இதற்கு விலக்கன்று. விண்ணப்பிப்போர் ஆய்வின் பயனை விரித்துரைப்பர், அது எளிது. பொறுப்பாளர் இளைப்பாறியபின் திறப்பு யாரிடம் இருக்கும், ஆய்வு முடிந்தபின் அப்பொருள் எங்கே செல்லும் என்பனவற்றையே நான் முதலிற் கேட்பேன்.