மிச்சமாகிற வெளிச்சம் யாருக்கு?

நான் கச்சிராயபாளையத்திலிருந்து வருகிறேன். கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போற வழியில இருக்கிற ஊர்.

எல்.இ.டி. தெருவிளக்கால் லாபம் அரசாங்கத்துக்கா, மக்களுக்கா? மக்களுக்குத்தான்னு சொல்ல வந்திருக்கேன்.

'கரண்டு பில் குறைஞ்சா கஜானாவுக்கு லாபம், எனக்கென்ன?'ன்னு கேட்டார் எதிரணி நண்பர். ஐயா, கிராமத்துத் தெருவிளக்குக்கு மின்வாரியத்துக்குப் பணம் கட்டுறது ஊராட்சி. ஊராட்சிக்குப் பணம் ஏது? நீங்க கட்டுற வரி! உங்க சட்டைப் பையைக் காட்டி 'இது யாரோடது?'ன்னு கேட்கறீங்களே! (சிரிப்பு, கைதட்டல்)

சின்னக் கணக்கு ஒண்ணு. பழைய 40 வாட் டியூப்லைட், சோக்கோடு சேர்த்தா சுமார் 50 வாட் இழுக்கும். அந்த இடத்துல 20 வாட் எல்.இ.டி. போதும். ஒரு விளக்குக்கு 30 வாட் மிச்சம், ரெண்டு விளக்குக்கு 60 வாட். அந்த 60 வாட்டுல புதுசா இன்னும் மூணு எல்.இ.டி. எரியும். ரெண்டு விளக்கு எரிஞ்ச அதே கரண்டுல இப்ப அஞ்சு விளக்கு! (கைதட்டல்)

2015 ஜனவரி 5-ல் மத்திய அரசு தேசியத் தெருவிளக்குத் திட்டத்தைத் தொடங்கியது. 1.34 கோடி விளக்குகளை மாற்றுவது இலக்கு. நல்லது. ஆனா மாத்தின விளக்கை எண்ணுகிற நாம, புதுசா நட்ட கம்பத்தை எண்ணுறோமா?

2019 நவம்பர் 26-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாச்சு. டவுனுக்கு வெளிச்சம் கூடிச்சு, சந்தோஷம். ஆனா வெள்ளிமலைப் பக்கம் வீடுகள் சிதறிக் கிடக்கும். பஸ்ஸை விட்டு இறங்கி இருட்டுல நடந்து போகணும். கட்டுவிரியன் ராத்திரியில நடமாடுற பாம்பு. 2000 முதல் 2019 வரை, நம்ம நாட்டில் ஆண்டுக்குச் சராசரியா 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஓர் ஆய்வு மதிப்பிடுது. காலடியில என்ன கிடக்குன்னு தெரிஞ்சாத்தானே ஐயா விலகி நடக்க முடியும்?

'டியூப்லைட் போனா ஸ்டார்ட்டரை மாத்தலாம், எல்.இ.டி. போனா தூக்கிப் போடணும்'னாங்க. நியாயமான பேச்சு. அதுக்குள்ள 'டிரைவர்'னு ஒரு பாகம் உண்டு. இடி மின்னலுக்கும் வோல்டேஜ் ஏத்த இறக்கத்துக்கும் அது தாங்காது. அதனால தடுப்புக் கருவியோட வாங்குங்க, உதிரியை ஊராட்சியில வையுங்க. அதுக்காக பழைய விளக்குக்கே திரும்பணுமா?

அடுத்த கிராம சபையில எழுந்து நில்லுங்க. 'எத்தனை யூனிட் மிச்சம்? அதுல எந்தத் தெருவுக்குப் புது விளக்கு?'ன்னு கேளுங்க. கேட்டு வாங்கினா, இந்த லாபம் மக்களுக்கே!